கால்நடைகளின் வலி நீக்கமும் கழுகுகள் தந்த பாடமும்

வாய் பேசாத உயிர்களின் வலியைத் தணிப்பது மனிதனின் கடமை என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. காய்ச்சலாலும் மூட்டு வீக்கத்தாலும் துன்புறும் பசுக்களுக்கும் எருதுகளுக்கும் மலிவான வலி நிவாரணிகள் கிடைக்கத் தொடங்கியமை கால்நடை மருத்துவத்தின் பெரும் முன்னேற்றமாகும். எனினும், போதிய முன்னெச்சரிக்கையின்றி ஒரு மருந்து சந்தைக்கு வந்தால் விளையக்கூடிய விபரீதத்துக்கு இந்தியாவின் அனுபவம் சான்றாகவுள்ளது.

1990 களில் டைக்ளோபெனாக் மருந்து அங்கு கால்நடைகளுக்குப் பரவலாக வழங்கப்பட்டது. அதே தசாப்தத்தில் பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் மடியத் தொடங்கின. தொற்றுநோயே காரணமென ஆரம்பத்தில் சந்தேகிக்கப்பட்ட போதிலும், பாகிஸ்தானில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2004 இல் வெளியானபோதே உண்மை தெரியவந்தது. மருந்தேற்றப்பட்டுச் சில நாட்களில் இறந்த மாடுகளின் இறைச்சியை உண்ட கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தன. நூறு கால்நடைச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து எஞ்சியிருந்தாலே இத்தகைய அழிவு நேரும் எனவும் கணிக்கப்பட்டது. வெண்முதுகுக் கழுகுகளின் தொகை 1992 முதல் 2007 வரையான காலப்பகுதியில் 99.9 சதவீதம் வீழ்ச்சியடைந்தது.

இது பறவைகளுடன் முடிந்துவிடவில்லை. கழுகுகள் அகற்றிவந்த சடலங்கள் அழுகிக் கிடக்க, நீர்நிலைகள் மாசடைந்தன, தெருநாய்கள் பெருகின. இதன் விளைவாக 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனித உயிர்கள் மேலதிகமாக இழக்கப்பட்டதாக 2024 இல் வெளியான பொருளியல் ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் ஆகிய நாடுகள் 2006 இல் கால்நடைகளுக்கான டைக்ளோபெனாக்கைத் தடை செய்தன. கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலொக்ஸிகாம் மாற்று மருந்தாக அதே ஆண்டில் அடையாளம் காணப்பட்டது. ஆயினும், மனிதருக்கான பெரிய டைக்ளோபெனாக் குப்பிகள் தொழுவங்களுக்குத் திசைமாறின. அவற்றை 3 மில்லிலீற்றராக மட்டுப்படுத்த 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. கழுகுகளுக்கு ஆபத்தான கீட்டோபுரோபெனும், மாட்டின் உடலில் டைக்ளோபெனாக்காகவே மாறும் அசெக்ளோபெனாக்கும் 2023 வரை அங்கு தடைசெய்யப்படவில்லை. இவ்வளவும் தெரிந்த பின்னரும், ஐரோப்பாவில் கழுகுகள் மிகுதியாக வாழும் ஸ்பெயின் 2013 இல் டைக்ளோபெனாக்கைக் கால்நடைகளுக்கு அனுமதித்தமை வியப்புக்குரியது.

விவசாயியிடமிருந்து வலி நிவாரணியைப் பறிப்பது இதற்குத் தீர்வாகாது. நோயுற்ற மாட்டுக்கு மருந்து வேண்டும். அது ஏழை விவசாயிக்கும் எட்டும் விலையில் வேண்டும். ஆனால், மாட்டுக்குக் குணமளிக்கிறதா, பாலிலும் இறைச்சியிலும் மனிதருக்குத் தீங்கான அளவில் எஞ்சுகிறதா என்பவற்றுடன் சோதனை நின்றுவிடலாகாது. இறந்த உடலை உண்ணும் உயிர்களுக்கு அது பாதுகாப்பானதா என்பதும் அனுமதிக்கு முன்னரே உறுதிசெய்யப்பட வேண்டும். அழிவு நேர்ந்த பின் ஒவ்வொரு மருந்தாகத் தடைசெய்வது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதற்கே ஒப்பாகும்.