எலும்பைக் கண்டு அஞ்சுவானேன்?

விஞ்ஞானக் கூடத்து அலமாரியைத் திறந்ததும் முன்வரிசை அலறும். பின்வரிசை அந்த எலும்புக்கூட்டுக்கு ஒரு பட்டப்பெயரைச் சொல்லிச் சிரிக்கும். சென்ற ஆண்டு நாங்களும் சிரித்தவர்கள்தாம். மனித இனத்தின் தோற்றம் பற்றி இவ்வாண்டு தேடிப் படித்த பிறகு அந்தச் சிரிப்பு எங்களுக்கே பிடிக்கவில்லை. ஆகவே இக்கட்டுரை. "எழுதுறதுக்கு வேற நல்ல விஷயமே கெடைக்கலையா?" என்று எங்களில் ஒருத்தியின் ஆயா கேட்டார்கள். நல்ல விஷயம்தான் ஆயா!

நெட்டுக்குப்பத்தில் பிறந்தவர்களுக்கு எலும்பு புதிதா என்ன? முள்ளைப் பார்த்தே மீனின் பெயரைச் சொல்லும் அம்மாமார்கள் இங்குண்டு. கரையொதுங்கும் கணவாய் ஓட்டைப் பொறுக்கி விளையாடாத பிள்ளை இல்லை. நம் ஊரருகே கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் வழியே மேல்நோக்கிப் போனால், பூண்டி ஏரிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் பூட், வில்லியம் கிங் என்னும் புவியியல் அறிஞர்கள் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பின்னாளில் சாந்தி பப்பு என்னும் பெண் அறிஞரும் அவர் குழுவினரும் அங்கே அகழ்ந்து ஆராய்ந்து, மிகப் பழைய கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் வெளியிட்டார்கள். நம் ஆற்றங்கரையில் 15 லட்சம் ஆண்டுகள்!

ஆனால் அந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர்களின் எலும்பு ஒன்றுகூட அங்கே அகப்படவில்லை. விலங்குகளின் சில பற்களும் குளம்புச் சுவடுகளும்தான் கிடைத்தன. எலும்பில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. புளிப்புத் தன்மையுள்ள மண்ணிலும், மாறி மாறி நனைந்து காயும் மண்ணிலும் அது கரைந்துபோகும். கோடரி இருக்கிறது, பிடித்த கையைக் காணோம். அவர்கள் எவ்வளவு உயரம், எந்த வயதில் இறந்தார்கள் என்பதை எலும்பு இருந்தால் சொல்லியிருக்கும். பதினைந்து வயதுள்ள எங்கள் கை கால் எலும்புகளின் முனைகள்கூட இன்னும் முழுதாகச் சேர்ந்து முடியவில்லையாம். வல்லுநர் ஒருவர் அதைக் கொண்டே எங்கள் வயதைக் கணித்துவிடுவார்.

இந்தியாவில் அத்தகைய ஆதிமனிதரின் மண்டையோடு 1982-இல்தான் கிடைத்தது. நருமதைக் கரையில் ஹத்னோரா என்னும் இடத்தில் அருண் சொனாகியா கண்டெடுத்தார். அதற்கு வெகுகாலம் முன்பே, 1935-இல், அதே நருமதைப் பள்ளத்தாக்கில் ஆராய்ச்சி செய்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? தெயார் தெ ஷர்தான் என்னும் இயேசு சபைக் குரு! பீக்கிங் மனிதனின் எலும்புகளை ஆராய்ந்த குழுவிலும் அவர் இருந்தார். அவருடைய சில கருத்துகளைப் பற்றித் திருச்சபை எச்சரிக்கை விடுத்ததும் உண்மையே. எனினும் உடலின் தோற்றத்தை ஆராய்வதற்குத் தடையில்லை என்று பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-இலேயே எழுதியிருக்கிறார். ஆன்மாவைப் படைப்பவர் இறைவனே என்பதையும் அதிலேயே வற்புறுத்தியிருக்கிறார். "ஆதாம் ஏவாளைப் படித்துவிட்டு இதையும் நம்பலாமா?" என்று கேட்ட தோழிக்கு இதுவே எங்கள் பதில்.

கலைஞர்களும் எலும்பை ஒதுக்கவில்லை. புனித ஜெரோமை வரைந்த ஓவியர்கள் பலர் அவரருகே ஒரு மண்டையோட்டை வைத்தார்கள். அழகைத் துறந்து பேயுருவம் வேண்டிய காரைக்கால் அம்மையாரை நம் சிற்பிகள் விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு வடித்தார்கள். அந்த முகத்தில் எத்தனை ஆனந்தம்! கீழடிக்கு அருகே கொந்தகையில் தாழிகளில் கிடைத்த மண்டையோடுகளிலிருந்து இரண்டு ஆண்களின் முகங்களைக் கணினியில் உருவாக்கி 2025-இல் வெளியிட்டார்கள். தசையின் அமைப்பை எலும்பு ஓரளவு காட்டிக்கொடுக்கும்; ஆனால் தோலின் நிறத்தை அதன் வடிவம் சொல்லாது. அங்கே கலைஞரின் ஊகம் வந்துவிடுகிறது. அதையும் நினைவில் வைத்தே அம்முகங்களைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இனி அலமாரிக்கு வருவோம். அதிலிருப்பது பிளாஸ்டிக் அல்ல, அசல் எலும்புதான் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பே அடங்கிவிட்டது. 1985-இல் அரசு தடை செய்யும் வரை, உலகத்து மருத்துவக் கல்லூரிகளுக்கு நம் நாட்டிலிருந்தே ஏராளமான எலும்புக்கூடுகள் போயின. அவற்றில் பல, அடக்கம் செய்யவும் ஆளில்லாத ஏழைகளுடையவை. சாந்தோம் பேராலயத்தில் புனித தோமையாரின் எலும்புத் துண்டுக்கு முன் முழந்தாளிடும் நாம், இந்தப் பெயர் தெரியாதவருக்குப் பட்டப்பெயர் சூட்டலாமா? படிப்பதற்கு அவரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. சிரிப்பதற்குத்தான் கூடாது.

நவம்பர் 2, இறந்த விசுவாசிகள் நினைவு நாள். அன்றைய காலை ஜெபத்தில் இவரையும் நினைவுகூர வேண்டுமென்று மதர் அவர்களிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அலமாரிக் கதவில் சாக்கட்டியால் எழுதியிருந்த அந்தப் பெயரை நாங்களே ஈரத்துணியால் துடைத்துவிட்டோம்.