குதிகால் தரையில் படட்டும்!

பஸ்கி எடுப்பவனின் கெண்டைக்காலைக் கண்டு பொறாமை கொள்ளாத மாணவர் நம்மில் எவர்? நானும் கொண்டேன். அமராவதி ஆற்று மணலில் நாள்தோறும் நூறு பஸ்கி எடுத்தேன். மல்லர்களைப் போலவே, இறங்கும்போது குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்பேன். ஆறே மாதத்தில் சதை திரண்டது. பிறகு ஒரு கபடி ஆட்டத்தில், எவரும் தொடாமலே, என் வலது பாதம் உட்புறமாக மடங்கியது. மூன்று வாரம் நொண்டினேன். திரண்ட சதை ஏன் காப்பாற்றவில்லை?

விடையில் ஒரு பகுதி ஆய்வுக்கூடத்து எலும்புக்கூட்டில் கிடைத்தது. கணுக்காலின் டேலஸ் எலும்பு முன்பக்கம் அகன்றது, பின்பக்கம் குறுகியது. குதிகால் பதிந்து முழங்கால் முன்னே சாய்ந்தால், அகன்ற பகுதி ஆப்புப் போல் மூட்டில் இறுகுகிறது. குதிகால் எழுந்தால் குறுகிய பகுதி வந்து மூட்டு தளர்கிறது. அப்போது பாதத்தைக் காப்பவை இணைப்புநார்களும் வெளிப்பக்கத்துப் பெரோனியஸ் தசைகளுமே. முன்பாதப் பஸ்கியில் அவையும் உழைக்கின்றன. அதை வீண் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை மட்டுமே செய்த என் கணுக்காலுக்கு முன்பக்கம் மடங்கவே தெரியவில்லை. அவ்வாறு விறைத்த கணுக்கால் எளிதில் சுளுக்கும் என்பது விளையாட்டு மருத்துவர் பலரின் கருத்து.

பாதம் முழுதும் பதியக் குந்தும்போது வேலை இடம் மாறுகிறது. கெண்டையின் மேல்தசையான காஸ்ட்ரோக்னீமியஸ் தொடை எலும்பில் தொடங்குவதால், முழங்கால் மடங்கியதும் தளர்ந்துவிடும். அடியிலுள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குவதால் நன்றாக இழுபடுகிறது. முன்காலின் டிபியாலிஸ் ஆன்டீரியர் இழுத்துப் பிடிக்காவிட்டால் மல்லாந்து விழ வேண்டியதுதான்.

நான் விழுந்தேன். பனியன் கம்பெனியில் நாளெல்லாம் நின்று செக்கிங் பார்த்துவிட்டு வரும் என் தாயார், குந்தியபடியே பாத்திரம் துலக்குவார். அருகில் குந்திப் பார்த்தேன், உருண்டேன். "பெஞ்சுல உக்காந்து படிச்ச காலு, அப்படித்தான் கண்ணு இருக்கும்" என்று சிரித்தார். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்கு வந்த கால்கள் இவை. படிப்பு இதையுமா பறிக்க வேண்டும்?

தோப்புக்கரணத்தைப் பள்ளியில் தண்டனையாக்கி, நல்லதொரு பயிற்சியை அவமானமாக்கிவிட்டோம். நம் மைதானத்தில் பஸ்கியோடு, பாதம் பதியக் குந்துவதையும் ஒற்றைக்காலில் நிற்பதையும் சேர்க்க வேண்டுமென உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது குதிகாலுக்கடியில் பலகை வைத்துக் குந்துகிறேன். முதலில் இரண்டங்குலப் பலகை. இந்த மாதம் ஓரங்குலம்.