பிடித்தலும் விடுத்தலும்

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்பது பழமொழி. இயந்திர மனிதனைக் கொண்டு பந்தெறியும் போட்டிகளிலோ, இலக்குத் தவறியதும் பலர் சுருள்வில்லை நோவர். அதனைப் பிடித்து நிற்கும் கொளுக்கியையும் சற்றுப் பார்க்குமாறு நாம் கூறுவோம்.

ஐக்கிய அமெரிக்காவில் டீன் கேமன் என்பார் 1989 இல் நிறுவிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவருக்கு ஆண்டுதோறும் இத்தகைய போட்டியை நடத்துகின்றது. 2014 ஆம் ஆண்டில் ஏறக்குறைய 24 அங்குல விட்டமுள்ள பந்தை உயர்ந்த இலக்கினுள் எறிதல் வேண்டியிருந்தது. குழுக்கள் பல, சுருள்வில்லின் விசையால் வீசும் கரங்களை அமைத்தன. மோட்டார் மெல்ல இழுத்துச் சேர்த்த சக்தி நொடிப்பொழுதில் வெளிப்படல் வேண்டும். அத்துணை விசையையும் அசையாது தாங்கி, சிறு தூண்டலில் விடுவது எங்ஙனம்?

கொளுக்கியொன்று 500 நியூற்றன் விசையைத் தாங்குவதாகக் கொள்வோம். உராய்வுக் குணகம் 0.2 எனின், அதனை வழுக்கி விடுவிக்க 100 நியூற்றன் வேண்டும். புழுதி படிந்தால் இவ்வளவும் மாறும். பந்து ஒருமுறை விழுந்தவிடத்தில் மறுமுறை விழாது. தொடுமிடத்தில் சிறிய உருளியொன்றை வைத்தால் உராய்வு பெரிதும் குறையும். கொளுக்கியின் வாலை, அதன் வாயினும் ஐந்து மடங்கு நீளமாக்கினால், வாலை இழுக்க வேண்டிய விசை ஐந்திலொன்றாகும். சுருள்வில் இழுக்கும் கோடு கொளுக்கியின் சுழலச்சினூடாகச் செல்லுதலும் அவசியம். அக்கோடு ஒரு பக்கம் விலகினால் கொளுக்கி தானே கழன்றுவிடும். மறுபக்கம் மிக விலகினால் விட மறுக்கும்.

பண்டைச் சீனர் இக்கலையில் வல்லவர். சீயான் நகரருகே 1974 இல் வெளிப்பட்ட மண்வீரர் படையிடையே, குறுக்குவில்லுக்குரிய வெண்கல விசைப்பொறிகளும் கிடைத்தன. ஒன்றையொன்று பூட்டி நிற்கும் சில வெண்கலத் துண்டுகளே அவை. வலிய நாணின் இழுப்பை ஒரு விரலின் அசைவு விடுவிக்கும்!

வேறு வழியும் உண்டு. பற்சில்லொன்றில் சில பற்களை நீக்கிவிட்டால், பல்லில்லாவிடம் வந்ததும் கரம் தானே விடுபடும். ஆயின், அடுத்த பல் மீண்டும் பொருந்தும்போது அடியைத் தாங்கல் வேண்டும்.

யாவற்றினும் மேலாக ஒன்று. மின்சாரத்தை நிறுத்தினால் மோட்டார் அடங்கும். இழுத்த சுருள்வில் அடங்காது. அதனருகே குனிந்து திருத்துபவர் பதினாறு வயதுப் பிள்ளை. ஆதலால், விடுக்கும் வழியை வரையுமுன், கரத்தைப் பூட்டும் இரும்பாணிக்குரிய துளையை வரைதல் வேண்டும். ஆணி செருகிய பின்னரே அங்கு கை செல்லலாம். நன்றாகப் பிடிக்கத் தெரிந்த பொறியே நன்றாக விடவும் தெரிந்த பொறி.