வருகைப் பதிவேட்டில் இல்லாதவை



பள்ளிகள் திறந்துவிட்டன. திருப்பூர், கோவை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் போன்ற தொழில் ஊர்களில், அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பெயர் கூப்பிடும்போது சில பிள்ளைகள் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். கூப்பிட்டது தங்கள் பெயர்தான் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. பீகாரில் வைத்த கன்ஷியாம் என்ற பெயரின் முதல் எழுத்தை வீட்டில் மூச்சை அழுத்திச் சொல்வார்கள். தமிழ்ப் பதிவேட்டில் அது சாதாரண 'க' ஆகி, ஆசிரியர் வாசிக்கும்போது யாருடைய பெயரோ போல ஒலிக்கிறது. கூடவே இனிஷியல் வேறு. பீகாரில் பெண் பிள்ளைகள் பலருக்குப் பெயரோடு 'குமாரி' சேர்ந்திருக்கும், அவர்களின் அம்மாக்களுக்கு 'தேவி'. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை முன்னால் போடும் வழக்கம் அங்கே இல்லை. படிவத்தில் கட்டம் இருக்கிறதே என்று யாரோ ஓர் எழுத்தை நிரப்பியிருப்பார்கள்.

பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்பது எளிது. அந்தப் பிள்ளையையே ஒருமுறை சொல்லச் சொல்லி, காது கொடுத்துக் கேட்டு, அப்படியே கூப்பிட்டால் போதும். அதற்குப் பிறகும் வாய் திறக்காத பிள்ளையை எப்படிப் புரிந்துகொள்வது என்பதுதான் ஆசிரியருக்கு உண்மையான சோதனை. மொழி புதிதாக இருக்கும் பிள்ளை தொடக்கத்தில் பல வாரங்கள், சில சமயம் பல மாதங்கள் பேசாது, கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் 'மெல்லக் கற்கும் மாணவர்' பட்டியலில் அதன் பெயர் ஏறிவிட்டால், பிறகு அதை இறக்குவது பெரும்பாடு. பிள்ளை எப்படிப்பட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று ஆசிரியர் விசாரித்துவிட வேண்டும். இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தது இதைப் பற்றித்தான்.

சென்ற கல்வியாண்டில் திருப்பூரில் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பனியன் கம்பெனிகளை ஒட்டி லைன் வீடுகள். மூன்றாம் வகுப்பில் பாதிக்கு மேல் அந்த வீடுகளின் பிள்ளைகள். பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் என்று கலந்து உட்கார்ந்திருந்தார்கள். 'சொல்வதை எழுதுதல்' நோட்டுகளை ஆசிரியை திருத்திக்கொண்டிருந்தார். பீகார் பையன் ஒருவன் 'பள்ளி'யை 'பல்லி' என்றும் 'பழம்' என்பதை 'பலம்' என்றும் எழுதியிருந்தான். ஆசிரியை சிவப்பு மையில் பெருக்கல் குறி போடவில்லை. பக்கத்தில் சரியான சொல்லை எழுதி, அவனை அருகில் அழைத்து, தன் வாயைப் பார்க்கச் சொல்லி மெதுவாக உச்சரித்துக் காட்டினார். "இது கவனக்குறைவு இல்லீங்க. காது பழகோணும்" என்றார் என்னிடம்.

அடுத்த நோட்டு ஓர் ஒடிசா சிறுமியுடையது. அவள் 'பள்ளி' என்று சரியாக எழுதியிருந்தாள். ஒடியாவில் 'ள' உண்டு, இந்தியில் கிடையாது. 'ழ' இருவருக்கும் புதிது. (அது நம் பிள்ளைகள் பலருக்கும் தகராறு செய்கிற எழுத்துதான்.) இது தெரியாத ஆசிரியர் என்ன சொல்லியிருப்பார்? "அவளும் வெளியூர்தானே, அவள் சரியா எழுதலையா?" என்று கேட்டிருப்பார். கேட்ட அன்றே அந்தப் பையன் தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கியிருப்பான். இந்தியில் நான்கு தனி எழுத்துகள் செய்கிற வேலையைத் தமிழில் ஒரே 'க' செய்கிறது. 'பகல்' என்று வாசிக்கும்போது எந்த ஒலியைப் போடுவது என்று அவன் தயங்கினால், அது யோசிக்கிற பிள்ளையின் தயக்கம்.

ஆசிரியையின் மேசையில் இன்னொரு நோட்டு இருந்தது. எந்த அலுவலரும் கேட்காத நோட்டு. பிள்ளைக்கு ஒரு பக்கம். சொந்த மாவட்டம், வீட்டில் பேசும் மொழி, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், இரவில் யார் கூட இருக்கிறார்கள், என்ன சாப்பிடுவார்கள் என்று சின்னச் சின்னக் குறிப்புகள். தினமும் தாமதமாக வரும் ஒரு சிறுமியின் பக்கத்தில், அப்பா அம்மா இருவருக்கும் ஒன்றரை ஷிப்ட், தம்பியைப் பால்வாடியில் விட்டுவிட்டுத்தான் இவள் வர வேண்டும் என்று இருந்தது. இன்னொருவன் மாதத்தில் ஓரிரு நாள் காரணம் சொல்லாமல் நின்றுவிடுவான். விசாரித்தால், அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் டாக்டர் சொல்வதை இந்தியில் சொல்லும் ஆள் அவன்தான். வீட்டிலேயே தமிழ் தெரிந்த ஒரே ஆள் எட்டு வயதுப் பையன்! பதிவேட்டில் அவனுக்கு விழுவது 'ஆப்சென்ட்' மட்டும்.

அந்த நோட்டில் 'கடுகெண்ணெய்' என்று அடிக்கோடிட்ட ஒரு குறிப்பும் இருந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் ஒடிசாவிலும் சமையலுக்கு மட்டுமல்ல, தலைக்கும் கைக்குழந்தையின் உடம்புக்கும் கடுகெண்ணெய் தேய்ப்பார்கள். நெடி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று உள்ளூர்ப் பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியை யாரையும் அதட்டவில்லை. எண்ணெய் வித்துகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, உங்கள் வீட்டில் என்ன எண்ணெய் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தேங்காய், கடலை, நல்லெண்ணெய் என்று வந்தது, கடுகும் வந்தது. தாளிக்கிற கடுகில் எண்ணெய் எடுப்பார்களா என்று உள்ளூர்ப் பிள்ளைகள் ஆச்சரியப்பட, கடுகுப் பூவால் வயல் முழுக்க மஞ்சளாக இருக்கும் என்று பீகார் பையன் எழுந்து நின்று சொன்னானாம். அவ்வளவு நாளில் அவன் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி பேசியது அன்றுதான் என்றார்.

சாப்பாட்டு நேரத்திலும் இப்படி நிறைய இருக்கிறது. சத்துணவில் முட்டையை ஒதுக்கும் ஒடிசா பிள்ளையைப் பார்த்து, "நேத்து சாப்பிட்டியே, இன்னைக்கு என்ன?" என்று கேட்கத் தோன்றும். ஒடிசாவில் பல வீடுகளில் கார்த்திக மாதத்தில் மீன், முட்டை, இறைச்சி தொட மாட்டார்கள். நம் கணக்கில் ஐப்பசியை ஒட்டி வரும் மாதம் அது. பீகாரில் சாவன் மாதத்தில் அப்படி. புரட்டாசியில் நம் வீடுகளில் நடப்பதை அறிந்த எந்த ஆசிரியருக்கும் இதைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்காது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கவும் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதே ஒடிசா பிள்ளை கோடையில் வீட்டில் சாப்பிடும் 'பகாளா' நம் பழைய சோறேதான். வெங்காயம், பச்சை மிளகாய் உட்பட. இதைத் தெரிந்துகொண்டு வகுப்பில் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குள் எவ்வளவு சீக்கிரம் சிநேகம் வருகிறது என்று பாருங்கள்.

'தீபாவளி' என்று கட்டுரை எழுதச் சொன்னால், நம் பிள்ளைகள் விடியற்காலை எண்ணெய்க் குளியலில் தொடங்குவார்கள். பீகார் பிள்ளை அமாவாசை மாலையில் விளக்கேற்றி லட்சுமிக்குப் பூஜை செய்வதை எழுதும், வங்காளப் பிள்ளை அன்று இரவு நடக்கும் காளி பூஜையை எழுதும். விடைக் குறிப்பை மட்டும் பார்த்துத் திருத்தினால் இருவருக்கும் மதிப்பெண் போய்விடும். நம் தீபாவளி விடுமுறை முடிந்த பிறகுதான் பீகார் வீடுகளில் சட் பூஜைக்கு ஆயத்தம் நடக்கும். தண்ணீரில் நின்று, மறையும் சூரியனையும் மறுநாள் உதிக்கும் சூரியனையும் கும்பிடுவார்கள். அந்த வாரம் பிள்ளை வராவிட்டால் அது கட் அடித்தது ஆகாது.

வீட்டு வழக்கம் என்று சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் வகுப்பில் இடம் உண்டா என்று கேட்கலாம். இல்லை. ராக்கி கட்டிய கையும் சாதி வண்ணத்தில் கயிறு கட்டிய கையும் ஒன்றாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று அவர் பரிந்துரைத்தார். ஒரு பிள்ளையைத் தாழ்த்துவதற்கென்றே இன்னொரு பிள்ளை கையில் கட்டி வரும் அடையாளத்தைப் பண்பாடு என்று விட்டுக்கொடுக்கக் கூடாது. எது பிள்ளையின் வீட்டுப் பாசம், எது அடுத்த பிள்ளைக்கு விடும் மிரட்டல் என்று பிரித்துப் பார்க்கவும் ஆசிரியர் விசாரிக்கத்தான் வேண்டும்.

இன்னும் கடினமானது செங்கல் சூளைப் பிள்ளைகளின் நிலைமை. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகத் திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்கு வருகிறார்கள். மழைக்காலம் முடிந்து வேலை தொடங்கும்போது வந்து, அடுத்த மழைக்கு முன் திரும்பிவிடுவார்கள். அதனால் பிள்ளைக்கு அங்கேயும் பாதிப் படிப்பு, இங்கேயும் பாதிப் படிப்பு. ஒடியா பாடநூல்களை வரவழைத்து, ஒடியா தெரிந்தவர்களைக் கொண்டு சூளைகளிலேயே வகுப்பு நடத்தும் முயற்சியை அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாகத் தமிழ்நாடும் ஒடிசாவும் சேர்ந்து செய்தன. மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை அது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. மேற்கு ஒடிசாக்காரர்கள் வீட்டில் பேசுவது சம்பல்புரி. பாடநூலில் உள்ள ஒடியா அந்தப் பிள்ளைக்குக் கொஞ்சம் தள்ளிய மொழிதான். 'வடக்கே இருந்து வந்தவர்கள், இந்தி பேசுவார்கள்' என்று ஒரே கணக்கில் போட்டுவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது.

'வடக்கன்' என்ற சொல் இப்போது நம் ஊர்களில் சர்வ சாதாரணமாகப் புழங்குகிறது. பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டு அதை வகுப்புக்குள் கொண்டுவருகிறார்கள். எனக்கு அது வலிக்கிறது. திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் மும்பைக்குப் பிழைக்கப் போன நம் மக்களை அங்கே எல்லோரும் 'மதராசி' என்றார்கள். 1960களில் அவர்களுக்கு எதிராக அந்த நகரத்தில் கலவரமே நடந்தது. அந்த நகரத்தில்தான் இன்றும் மாநகராட்சியே தமிழ்வழிப் பள்ளிகளை நடத்துகிறது. தாராவியில் வளர்ந்த எத்தனையோ தமிழர்கள் அங்கே எழுத்துக் கற்றவர்கள். அவர்களின் கைபிடித்து எழுத வைத்தவர்களுக்கு நாம் பட்ட கடனை, நம் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளைகளிடம்தான் அடைக்க முடியும்.

இதையெல்லாம் ஆசிரியர் தலையில் மட்டும் வைத்துவிடுவது நியாயம் இல்லை. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் ஆசிரியர்கள் 2 பேர். ஐந்து வகுப்புகளை அந்த இருவர் பார்க்க வேண்டும். எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்ற வேண்டும். கூட்டங்களுக்குப் போக வேண்டும். வீடு வீடாகப் போய் விசாரிக்க அவர்களுக்கு நேரம் எங்கே? வெளிமாநிலப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஆசிரியரோ, இரண்டு மொழியும் தெரிந்த உதவியாளரோ அவசியம். அந்த லைன் வீடுகளிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பள்ளிக்குள் அழைத்து வரலாம். பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்துவிட்டு, 'இவர்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லை' என்று சொல்வதையும் நிறுத்த வேண்டும். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் கையில் இருக்கிறது.

ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் வேறு மாநிலத்திலிருந்தோ மலைக்கிராமத்திலிருந்தோ வந்து சேர்ந்த பிள்ளையைப் பற்றி, விசாரித்த பிறகு நீங்கள் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை ஒரு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம். வருகிறவற்றை அடுத்த இதழிலிருந்து தொடர்ந்து வெளியிடுகிறோம்.

மற்றவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் தெருவிலோ காம்பவுண்டிலோ, பள்ளிக்குப் போகாமல் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெளிமாநிலப் பிள்ளை இருந்தால், அதன் பெற்றோரிடம் பேசுங்கள். டி.சி. இல்லை என்றும் வயதுச் சான்று இல்லை என்றும் பயந்துதான் பலர் பள்ளி வாசலுக்கே வருவதில்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின்படி, இவை இரண்டும் இல்லாவிட்டாலும் சேர்க்கை மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். தலைமையாசிரியரிடம் பேசும் அளவுக்கு அவர்களுக்குத் தமிழ் இருக்காது. ஒரு காலை நேரம் ஒதுக்கி, நீங்களும் கூடப் போய் வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்