காலி மைதானம்

1632இல் ஜெர்மனியின் லுட்சன் ஊருக்கு வெளியே நடந்த போரை, ராயபுரத்தில் என் நண்பர்கள் மேசைமேல் போர் விளையாட்டாக ஆடுகிறார்கள். சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் செத்த போர் அது. எதிர்த்தரப்பு வாலன்ஸ்டைன் படை அந்த ஊரையே கொளுத்தியது. ஆட்டத்தில் அதற்குப் பெயர் 'புகை'. பார்வையை மறைக்கும், அவ்வளவுதான். வீடு எரிந்தவன் கணக்கிலேயே இல்லை. கேட்டால், "கேம்தானே, விடு மச்சான்" என்கிறார்கள்.

எப்படி விடுவது? அடுத்து நம்ம ஊர் முற்றுகையாம். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்தில் புகுந்து கொள்ளையடித்தது. 1759 பிப்ரவரியில் பின்வாங்கியது. கோட்டையை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரத்தை அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரர் கொஞ்சம், ஆங்கிலேயர் மிச்சம் என்று இடித்துத் தீர்த்தார்கள். கோட்டை பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டுமாம்! இனி இங்கே யாரும் கட்டக்கூடாது என்று 1773இல் எல்லைத் தூண்களும் நட்டார்கள். ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. இடித்த இடத்தில் உயர் நீதிமன்றம்.

அதைப் பலகையில் 'காலி மைதானம்' என்று வரைந்தால், ஜெயித்தவன் சொன்ன பொய்யை நாமும் சொல்கிறோம். வீடுகளையும் காய்களாக வையுங்கள். ஒவ்வொன்று விழும்போதும் இரு தரப்புக்கும் புள்ளி குறையட்டும். அப்புறம் யார் ஜெயிக்கிறார் என்று பார்ப்போம்.