எழுதுகிறவரைக் கேட்டார்களா?

மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு

புதியது என்றால் அது மேலானதாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடுவது பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கணிப்பொறித் துறையில் இந்தப் பழக்கம் சற்று அதிகம். 'புதுப்பிக்கப்பட்டது', 'மேம்படுத்தப்பட்டது' என்ற இரு சொற்களையும் அங்கே ஒரே பொருளில் வழங்குகிறார்கள். இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஆகா என்பது என் கருத்து. அதற்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையே சான்றாக எடுத்துக்கொள்கிறேன்.

இணையத்தில் செய்தித்தாளோ, கல்லூரித் தளமோ, சிற்றிதழோ நடத்துகிறவர்கள் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிரல் எழுதிக்கொண்டிருப்பதில்லை. கட்டுரையைத் தட்டச்சு செய்து, தலைப்பிட்டு, படம் சேர்த்து, 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்தினால் போதும். ஏனைய வேலைகளை உள்ளடக்க மேலாண்மை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். அத்தகைய மென்பொருள்களுள் மிகப் பெரியது வோர்ட்பிரஸ். மைக் லிட்டில் என்பவரும், அப்போது ஹூஸ்டன் பல்கலைக்கழக மாணவராயிருந்த மாட் முல்லன்வெக்கும் சேர்ந்து, பி2 என்ற பழைய நிரலொன்றைத் திருத்தி 2003 மே மாதம் இதை வெளியிட்டார்கள். விலையில்லாத கட்டற்ற மென்பொருள். 2021ஆம் ஆண்டில், டபிள்யூ3டெக்ஸ் கணக்கின்படி, உலகின் இணையதளங்களில் 100க்கு 40 இதன்மேல்தான் நின்றன.

இதில் எழுதுகிறவர்கள் யார்? நாளேட்டின் உதவியாசிரியர், தேர்வு அறிவிப்பை ஏற்றும் கல்லூரி எழுத்தர், சமையற்குறிப்பு எழுதும் இல்லத்தரசி, சங்கத்துச் செயலாளர். மென்பொருளின் உள்ளே ஓடும் நிரலை இவர்கள் அறியார்; அறிய வேண்டிய தேவையும் இல்லை. இவர்கள் அறிந்தது ஒரே ஒரு திரை. அதில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது நாளடைவில் கண்ணைவிடக் கைக்கே நன்றாகத் தெரிந்துவிடுகிறது.

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சடித்த காலத்தை நம் பேராசிரியர்கள் அறிவார்கள். அச்சுக்கோப்பவர் கையெழுத்துப் படியின்மேல் கண்ணை வைத்தபடியே, கேஸ் என்னும் மரத்தட்டின் அறைகளிலிருந்து ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்குவார். எந்த அறையில் எந்த எழுத்து என்று அவர் தேடுவதில்லை. ஓர் இரவில் அச்சக உரிமையாளர் எழுத்துகளையெல்லாம் இடம் மாற்றிவைத்துவிட்டு, "இனி இதுதான் சிறந்த முறை" என்று சொன்னால், மறுநாள் காலை அந்தத் தொழிலாளியின் நிலை என்ன? 2018 டிசம்பர் 6ஆம் நாள், வோர்ட்பிரஸின் 5.0 பதிப்பு வெளிவந்தபோது, அதில் எழுதிவந்த பலருக்கு ஏறத்தாழ இந்த நிலைதான் நேர்ந்தது. அந்த மாற்றத் திட்டத்துக்கு அச்சுக்கலையின் தந்தை கூட்டன்பர்க்கின் பெயரையே சூட்டியிருந்தார்கள் என்பது ஒரு வேடிக்கை.

அதற்கு முன் எழுதும் திரை ஒரு வெள்ளைத் தாளைப் போல் இருந்தது. மேலே ஒரு கருவிப்பட்டை; கீழே எழுதிக்கொண்டே போகலாம். 2005 இறுதியில் வந்த 2.0 பதிப்பு முதல் இருந்துவந்த முறை அது. புதிய பதிப்பிலோ தாள் என்பதே இல்லை. ஒவ்வொரு பத்தியும் தனித்தனிப் பிளாக். தலைப்பு ஒரு பிளாக், படம் ஒரு பிளாக், மேற்கோள் ஒரு பிளாக். கட்டுரை எழுதுவது செங்கல் அடுக்குவது போல் ஆயிற்று.

இதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. முன்பு இரண்டு பத்திகளை அருகருகே வைக்கவேண்டுமானால் நிரல் தெரிந்தவர் ஒருவரைத் தேடவேண்டியிருந்தது. இப்போது எவரும் வைக்கலாம். ஒரு பத்தியை மேலே நகர்த்த ஓர் அம்புக்குறியைத் தொட்டால் போதும். சாய்கோட்டை அழுத்தி, வேண்டியதன் பெயரைத் தட்டினால் அந்தப் பிளாக் வந்து நிற்கிறது. பக்கத்தை அழகுபடுத்த விரும்புகிறவர்களுக்கு இது வரப்பிரசாதமே.

ஆனால் நீண்ட கட்டுரை எழுதுகிறவருக்கு? இங்கேதான் நம் வழக்கு தொடங்குகிறது. ஒரு பத்தியின் நடுவிலிருந்து அடுத்த பத்தியின் நடுவரை உள்ள சொற்களைத் தேர்ந்தெடுத்து வெட்டுவது எழுதுவோர் நாள்தோறும் பலமுறை செய்கிற வேலை. ஐந்தாம் வகுப்பு மாணவன்கூடக் கணிப்பொறியில் இதைச் செய்வான். 5.0 பதிப்பில் இது முடியாமற்போயிற்று! பத்திகள் தனித்தனிப் பெட்டிகளாகிவிட்டதால், சுட்டியை இழுத்து ஓர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு பத்திகளும் முழுமையாகத் தேர்வாகிவிடும். பாதி வேண்டுமென்றால் இரண்டு முறை வெட்டவேண்டும். இந்தக் குறை தீர்ந்தது 2022 மே மாதம் வந்த 6.0 பதிப்பில். பழைய திரையில் எவரும் எண்ணிப்பாராமலே செய்துவந்த ஒரு செயலைப் புதிய திரை கற்றுக்கொள்ள மூன்றரை ஆண்டுகள் ஆயின. பல பிளாக்குகளில் சொற்களைத் தேர்ந்தெடுக்கும் அந்த வசதியை, 6.0 பதிப்பின் அறிவிப்பில் எழுதும் அனுபவத்தின் மேம்பாடுகளுள் ஒன்றாகவே சேர்த்திருந்தார்கள்! பறித்ததைத் திருப்பித் தருவது ஈகையாகுமா?

இடையில் 2020 மார்ச்சில் 5.4 பதிப்பு வந்தது. அதில் எழுதும் பக்கத்தைத் திறந்தால், பக்கவாட்டுப் பட்டியல் மறைந்து முழுத்திரையும் எழுதும் இடமாகவே விரியும்படி செய்தார்கள். கவனம் சிதறாமலிருக்க வேண்டுமாம். வேண்டியவர் தேர்ந்துகொள்ளும் வசதியாக அது முன்பே இருந்தது. அதை எல்லார்க்கும் இயல்புநிலையாக மாற்றியதுதான் புதுமை. திரும்பிப் போகும் வழி எதுவென்று தெரியாமல் தவித்தவர்கள் உண்டு.

இவையெல்லாம் பழகினால் தீர்ந்துவிடும் தொல்லைகள் என்று ஒருவர் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். பழகினாலும் தீராத தொல்லை ஒன்று இருந்தது. பார்வையற்றவர்கள் கணிப்பொறியில் எழுதுவது திரைவாசிப்பானின் துணைகொண்டு. திரையில் உள்ளதை அது குரலில் படிக்கும்; அவர்கள் சுட்டியைத் தொடாமல் விசைப்பலகையாலேயே எல்லாவற்றையும் இயக்குவார்கள். என்.வி.டி.ஏ. என்ற விலையில்லாத் திரைவாசிப்பானை ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவருமே பார்வையற்றவர்கள் என்பது நாம் அறிந்து வியக்கவேண்டிய செய்தி. இவ்வாறு எழுதுகிறவருக்குப் பழைய வெள்ளைத் தாள் எளிது: மேலிருந்து கீழே போனால் போதும். புதிய திரையிலோ பிளாக்குக்குப் பிளாக் தாவவேண்டும். கருவிப்பட்டை ஒரு பக்கம், அமைப்புகள் இன்னொரு பக்கம். தாம் எங்கே நிற்கிறோம் என்பதே புலப்படாது போயிற்று.

வோர்ட்பிரஸில் அணுகுதன்மைக் குழுவை வழிநடத்திய ரியான் ரீட்வெல்ட் என்ற பெண்மணி, பதிப்பு வெளிவருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2018 அக்டோபரில் பொறுப்பைத் துறந்தார். வடிவமைக்கும்போதே இவர்களை நினைத்திருக்கவேண்டும், கட்டி முடித்தபின் படிக்கட்டை ஒட்டவைக்க முடியாது என்பதே அவர் போன்றோர் வாதத்தின் சாரம். இதன்பின் நடந்தது நம்மைப் போன்ற கல்லூரியினர் பெருமைப்படத்தக்கது. உயர்கல்வி நிறுவனங்களில் வோர்ட்பிரஸைப் பயன்படுத்துவோரின் கூட்டமைப்பான டபிள்யூபி கேம்பஸ், நிதி திரட்டி, டெனான் என்ற நிறுவனத்தைக்கொண்டு புதிய திரையை ஆராயச் செய்து, 2019 மே மாதம் அறிக்கையை வெளியிட்டது. குறைகள் ஒவ்வொன்றாகப் பட்டியலுக்கு வந்தன, திருத்தங்களும் தொடர்ந்தன. ஆனால் அந்த ஆய்வு வெளியீட்டுக்கு முன்பல்லவா நடந்திருக்கவேண்டும்? நம் அரசு கலைக் கல்லூரிகளில் பார்வைக் குறையுடைய மாணவர்கள் பலர் படிக்கிறார்கள். நாளை அவர்களுள் ஒருவர் ஓர் இதழின் ஆசிரியராக அமர்ந்தால், அவர் முன் எந்தத் திரை இருக்கும் என்பது அயல்நாட்டுச் செய்தியா, நம் வீட்டுச் செய்தியா?

எழுதுகிறவரைக் கேட்டுச் செய்வது நடக்காத காரியம் என்பார்கள். இதே வோர்ட்பிரஸ் அதைச் செய்திருக்கிறது. 2008 மார்ச்சில் 2.5 பதிப்பில் நிர்வாகத் திரையின் தோற்றத்தை மாற்றினார்கள். பலருக்குப் பிடிக்கவில்லை. பிறகு பயன்படுத்துகிறவர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் கண் திரையில் எங்கே போகிறது என்பதைக்கூடக் கருவியால் அளந்து பார்த்தார்கள். அதன் பயனாக அவ்வாண்டு டிசம்பரில் வந்த 2.7 பதிப்பில் பட்டியல் மேலிருந்து இடப்பக்கத்துக்கு மாறியது. வேண்டாத பெட்டிகளை ஒளித்துவைக்கும் உரிமையும் எழுதுகிறவர் கைக்கு வந்தது. அந்த இடப்பக்கப் பட்டியல் நிலைத்துவிட்டது. கேட்டுச் செய்த மாற்றம் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு?

"பழையவர்கள் எப்போதும் எதிர்ப்பார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டால் உலகம் நகராது" என்ற வாதம் ஒன்று உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் பழையதை மூடினால்தான் புதியது வளரும் என்பது பொய். நம் நாட்டிலேயே பார்க்கலாம். 1999ஆம் ஆண்டில் தமிழ்99 என்ற விசைப்பலகை தரமாக்கப்பட்டது. தட்டச்சுப் பொறியில் பயின்று தேர்வு எழுதித் தேறிய ஆயிரக்கணக்கானோரின் விரல்களுக்கு அது அந்நியம். ஆகவே தமிழ் எழுதும் மென்பொருள்களில் தமிழ்99 ஒருபுறமிருக்க, பழைய தட்டச்சு முறையையும் ஒரு தெரிவாக விட்டுவைத்தார்கள். புதிதாகக் கற்போர் புதியதைக் கற்றார்கள். பழகிய விரல்கள் தம் வழியே போயின.

வோர்ட்பிரஸ்காரர்களும் இறுதியில் இந்த நியாயத்துக்கு வந்துசேர்ந்தார்கள். பழைய எழுதும் திரையையே 'கிளாசிக் எடிட்டர்' என்ற செருகுநிரலாக்கித் தந்தார்கள். அதை நிறுவிக்கொண்டால் வெள்ளைத் தாள் திரும்பிவிடும். 5.0 பதிப்பில் எழுதுவோருக்குக் கிடைத்த உண்மையான வசதி எதுவென்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதலில் இதற்கு ஒரு கெடு வைத்தார்கள்: 2021 டிசம்பர் 31வரைதான் ஆதரவு என்று. அந்த நாள் வந்தது. செருகுநிரலோ 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இயங்கிக்கொண்டிருந்தது. கெடு நீண்டது, பிறகு மறுபடியும் நீண்டது, 'தேவைப்படும் காலம் வரை' என்ற சொற்களும் அதனுடன் சேர்ந்துகொண்டன.