பட்டனுக்குள் முதலில் தமிழை எழுதிப் பாருங்கள்

ஆப் தயாரிக்கும் வேலையில் இருக்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் லேப்டாப்போடு வீட்டுக்கு வந்தான். பெற்றோருக்கான பள்ளி ஆப் ஒன்று செய்கிறான். "இன்னும் முடியல டீச்சர், இது சும்மா மாதிரிதான்" என்றான். ஃப்ளட்டரில் செய்கிறானாம். கூகுள் அதன் முதல் முழுப் பதிப்பை 2018 டிசம்பரில் வெளியிட்டது. ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐபோன், பிரவுசர் மூன்றிலும் ஓடும். பட்டன், கட்டம், பட்டியல் எல்லாவற்றையும் ஒருமுறை செய்து வைத்துக்கொண்டு, வேண்டிய திரையில் எடுத்து வைக்கிறார்கள். காம்போனன்ட் என்கிறார்கள்.

எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது, அட்டையில் இருக்கும் சின்னமே ஏணியிலும் இருக்கும். அதைப் பார்த்ததும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூட என்னைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும்.

அவன் ஆப் பார்க்க அழகுதான். படிக்கப் போனால் பாதி இடத்தில் லத்தீன்! லோரம் இப்சம். சிசரோவின் நூலைச் சிதைத்து எடுத்த வரிகள், இடம் நிரப்பப் போடுவது. பட்டன்களில் ஆங்கிலம். "தமிழைக் கடைசியில போட்டுக்கலாம் டீச்சர்" என்றான். இப்போதே போடுடா என்றேன். (இன்னும் என் பேச்சைக் கேட்கிறான், பாவம்.)

போட்டதும், போனில் திறந்து பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்தோம். அவர் பேரன் நான்காம் வகுப்பு. "நாளைக்குப் பையனுக்கு லீவு சொல்லுங்கம்மா" என்றேன். திரையில் இரண்டு பட்டன்கள்: விடுப்பு விண்ணப்பம், விடுப்பு விவரம். லேப்டாப்பில் முழுதாகத் தெரிந்தவை, போனில் இடம் போதாமல் இரண்டுமே "விடுப்பு வி..." என்று நின்றன. ஒன்றை அமுக்கினார். பழைய விடுப்புப் பட்டியல் வந்தது. "சொல்லிட்டேன் டீச்சர்" என்று போனைத் திருப்பித் தந்தார்.

நிஜ ஆப்பாக இருந்தால் மறுநாள் பையனுக்கு ஆப்சென்ட். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது என்று பேச்சும் வந்திருக்கும். தினமும் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர் அவர்.

அதனால்தான் சொல்கிறேன். மாதிரியை மேனேஜரிடம் காட்டுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டுங்கள், அவர் மொழியில், அவர் வைத்திருக்கும் அளவு போனில். 'சப்மிட்'டுக்கு அளந்த பட்டனில் 'சமர்ப்பிக்கவும்' அடங்காது. வரி உயரம் குறைந்தால் 'மீ'யின் மேல்சுழியும் 'மூ'வின் கீழ்ச்சுழியும் நறுக்கப்படும். பொதுப் பட்டனில் இருக்கும் தப்பு அது போகிற எல்லாத் திரைக்கும் போகும்.

திருத்தமும் அப்படியே போகிறது என்பது நல்ல விஷயம். எழுத்து இரண்டு வரியாக மடங்கும்படி ஒரே இடத்தில் மாற்றினான், எல்லாத் திரையும் சரியாயிற்று. நான் காபி போட்டு முடிப்பதற்குள்!

மறுபடி போனைக் கொடுத்தோம். இந்த முறை அந்தம்மா சரியான பட்டனை அமுக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "காரணம்னு இவ்வளவு பெரிய கட்டம் எதுக்குத் தம்பி? காய்ச்சல், ஊருக்குப் போறோம்னு ரெண்டு மூணு எழுதி வச்சா தொட்டுட்டுப் போயிடுவோமே?"

அதையும் குறித்துக்கொண்டு போயிருக்கிறான்.